காஜா பெராங்கில் வறுபட்ட பயறு

மலாக்காவுக்குள் நான் அன்னாசிப் பழ லோரியில் வந்து இறங்கினேன். புறப்பட்டது பஸ்ஸில்தான். மூவார் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. பஸ்ஸைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். ஜனங்கள் இறங்கி நடந்து படகேற வேண்டும். நான் இறங்கிக் கரையோரக் கடையில் ஒரு காப்பி வாங்கினேன். இந்த ஊர்க் காப்பியில் டின் பால் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கலக்கோ கலக்கென்று கலக்கினால்தான் மேலே வரும். நான் கலக்கி முடித்து நிமிர்ந்தபோது பஸ் அக்கரையில் புகை விட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. என் டிரங்குப் பெட்டியும் அதோடு போனது.

அடுத்த படகில் வந்த லோரிக்காரச் சீனர் என் முகத்தைப் பார்த்தார், பின்பக்கம் கையைக் காட்டினார். ஏறினேன். அன்னாசிமேல் உட்காருவது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம். வழியில் ஒரு பழத்தை வெட்டிக் கொடுத்தார், தின்றேன். இன்னொன்று கொடுத்தார், அதையும் தின்றேன். அன்னாசியில் இறைச்சியைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது என்று கல்லூரியில் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். வகுப்பெடுத்த நாக்கே அன்று வெந்துபோய்விட்டது. பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது என்னால் 'ழ' சொல்ல முடியவில்லை.

என் டிரங்குப் பெட்டிமேல் ஒரு மனிதர் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் சின்னையா. சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகனின் சிநேகிதர். கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்து வளர்ந்து, இப்போது டவுனில் மோட்டார் சாமான் கடையில் கணக்கெழுதுகிறவர்.

"பெட்டி மட்டும் தனியா வந்து எறங்குதுண்ணே! ஆளக் காணோம். ஆத்துல கீத்துல விழுந்துட்டாரோன்னு பயந்துட்டேன், லா. பசியாறியாச்சா?"

"ஆச்சு. அன்னாசி" என்றேன். அதற்குமேல் பேச நாக்கு இடம் கொடுக்கவில்லை.

எதற்கு இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன். நம் வயிற்றில் கணையம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஊறும் ட்ரிப்சின் என்ற நொதிதான் நாம் தின்னும் கறியையும் பருப்பையும் கரைக்கிறது. மெட்ராஸில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அதே ட்ரிப்சினைக் கண்ணாடித் தட்டில் ஊற்றித் தசைத் துண்டைத் தனித்தனி செல்லாகப் பிரிப்போம். பிரிந்ததும் 'போதும், நிறுத்து' என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செல்லையும் சேர்த்துத் தின்று ஏப்பம் விட்டுவிடும். அந்தப் 'போதும்' சொல்கிற புரதம் பச்சைச் சோயாப் பயறில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அதைச் சுத்தம் செய்து சீசாவில் அடைத்து அனுப்புவார்கள். எங்கள் சீசா காலியாகிவிட்டது. புது சீசாவுக்கு அந்நியச் செலாவணி லைசென்ஸ் வேண்டும். அந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது.

மெட்ராஸ் முழுக்க அலைந்தும் சோயாப் பயறு கிடைக்கவில்லை. அப்போதுதான் அத்தையை அவள் மகன் வீட்டில் கொண்டுபோய்விடும் வேலை என் தலையில் விழுந்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். "சீனர்கள் தின்பது அதைத்தான். ஒரு மூட்டை கொண்டு வா, நாமே சாறு எடுத்துக்கொள்வோம். வராவிட்டால் உன் சோதனை நின்றுபோகும். உன் உதவித்தொகையை நீட்டிக்க எனக்குக் காரணம் இருக்காது" என்றார். காரணம் இருக்காது என்றால், அவருடைய மைத்துனர் மகன் என் ஸ்டூலில் உட்காரக் காத்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு மிச்சம் கும்பகோணத்தில் அப்பாவின் பாத்திரக் கடை. பித்தளைக் குடத்தைச் சுண்டிச் சுண்டி ஓசை காட்டி விற்க வேண்டும். நினைத்தாலே காது வலிக்கும்.

சின்னையா என்னைக் காஜா பெராங்கில் ஒரு வீட்டில் தங்கவைத்தார். அந்தப் பெயருக்குச் 'சீறும் யானை' என்று பொருளாம். யானை ஒன்றையும் காணோம், வீட்டுக்காரம்மாள்தான் இருந்தார். பெயர் லெட்சுமி; ஊரே அவரை மாச்சிக் என்று கூப்பிட்டது, அத்தை மாதிரி ஒரு மரியாதை. நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை, உள்ளே முருகன் படத்துக்குக் கற்பூரம். நான் நிம்மதியாக, "வணக்கம்மா, குளிக்கச் சுடுதண்ணி கெடைக்குமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சின்னையாவைப் பார்த்தார். பிறகு மலாயில் ஏதோ கேட்டார்.

"மாச்சிக்குக்குத் தமிழ் வராதுண்ணே" என்றார் சின்னையா. "இவங்க சிட்டி ஆளுங்க, மலாக்காச் செட்டிங்க. தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல கப்பல் ஏறி வந்தவங்க. சாமி மட்டும் தமிழ்ச் சாமி, பேச்சு மலாய். பூசை, திருநீறு, அப்பா, அம்மான்னு கொஞ்சம் வார்த்த வரும்."

"முருகனுக்காவது தமிழ் வருமா?" என்று கேட்டேன். சின்னையா அதை மொழிபெயர்த்துத் தொலைத்துவிட்டார். மாச்சிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பதில் சொன்னார். "எங்க முருகன் இத்தனை வருசமா மலாயிலதான் கேக்குறாரு, இன்னிக்கு வரைக்கும் புரியலைன்னு சொன்னதில்லன்றாங்க." அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாயை அடக்கிக்கொண்டேன்.

சாப்பாடு வந்தது. தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, புளிக்குழம்பில் மீன், இடித்த மிளகாய்ச் சம்பல். சம்பலில் காய்ந்த இறால் விழுது சேர்க்கிறார்கள். அதன் வாடை முதலில் காசிமேட்டுக் கருவாட்டுக் குடோனை ஞாபகப்படுத்தும். இரண்டாவது வாயில் மன்னித்துவிடுவோம். மூன்றாவது வாயில் இன்னும் கொஞ்சம் கேட்போம். எனக்கு நாக்கு புண்ணாக இருந்ததால் மூன்றையும் கண்ணீரோடு செய்தேன். மாச்சிக் நான் உருக்கமாக அழுகிறேன் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போட்டார்.

மறுநாள் சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். ஊரே பரபரவென்று இருந்தது. "இன்னிக்கு வாங்கலன்னா அஞ்சாறு நாளைக்கு ஒரு கடையும் தெறக்க மாட்டான்" என்று சின்னையா மோட்டார் சைக்கிளை உதைத்தார். முதலில் மாச்சிக் வாடிக்கையாகத் தாவ்ஹூ வாங்கும் கடைக்குப் போனோம். சோயாப் பாலைத் திரியவைத்துக் கட்டியாக்கிய, நம் ஊர் பால்கட்டி மாதிரி ஒரு பண்டம் அது. அடுப்பில் பெரிய அண்டாவில் பால் நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வாளியில் இன்னும் காய்ச்சாத பச்சைப் பால். நான் ஆவலோடு அதில் ஒரு குவளையை விட்டு மொண்டேன். என் கண்ணுக்கு அது பாலாகத் தெரியவில்லை, ட்ரிப்சின் அடக்கியாகத் தெரிந்தது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, பாய்ந்து வந்து குவளையைப் பிடுங்கினார்.

"அதப் பச்சையாக் குடிச்சா வயிறு கெட்டுப்போயிரும்ன்றாரு" என்றார் சின்னையா. "நொர அடங்குற வரைக்கும் காச்சணுமாம். போன வருசம் ஒரு மாட்-சல்லே, வெள்ளக்காரன், அப்படிக் குடிச்சிட்டு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான்."

"எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்றேன். தவுக்கே தன்னிடம் இருக்கும் பயறு பண்டிகை கழிந்து கடை திறப்பதற்கு வேண்டும், விற்க மாட்டேன் என்று கைகழுவினார். எதிர்ச் சாரியில் ஒரு மளிகைக் கடையில் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பலகைக்கு முன் சின்னையா தலையை உள்ளே நுழைத்துவிட்டார். சின்னக் கோணி மூட்டை ஒன்று, மஞ்சளாக, உருண்டையாக, பூச்சியில்லாமல். தூக்கிக்கொண்டு வந்தோம்.

பயறு நல்லதுதானா என்று பார்க்க வேண்டுமே? அதற்கு நான் ஒரு சிறு குப்பியில் ட்ரிப்சின் தூளும், ஆஸ்பத்திரியில் வீசியெறிந்த எக்ஸ்ரே பிலிம் துண்டுகளும் கொண்டுவந்திருந்தேன். பிலிமின் கறுப்பெல்லாம் ஜெலட்டின் பூச்சில்தான் நிற்கிறது. அதன்மேல் ட்ரிப்சின் சொட்டு விட்டால் பூச்சைத் தின்று கண்ணாடி போல ஓட்டை போட்டுவிடும். பயறுச் சாறு சேர்த்துச் சொட்டு விட்டால், சாறு நல்லதாக இருக்கும் பட்சத்தில், பிலிம் கறுப்பாகவே இருக்கும்.

மாச்சிக்கின் அம்மியில் ஊறவைத்த பச்சைப் பயறை அரைத்தேன். துணியில் பிழிந்து, கோப்பையில் வெள்ளைச் சாறு எடுத்தேன். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஆட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். மாச்சிக் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வயித்துல வேலை செய்ற பொருள்" என்று என் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். விஞ்ஞானத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஓர் ஆசை உண்டு. பிலிமில் சொட்டு விட்டுக் காத்திருந்தேன். வெறும் ட்ரிப்சின் சொட்டு ஓட்டை போட்டது, சாறு கலந்த சொட்டு விழுந்த இடம் கறுப்பாகவே இருந்தது. நான் அந்தக் கூடத்தில் துள்ளிக் குதித்தேன். முருகன் படம் ஆடியது.

புத்தாண்டு விடியும்போதே பட்டாசு. தெருவெல்லாம் சிவப்புக் காகிதம். சின்னையா லீவு, என்னை ஊர் சுற்றிக் காட்டினார். குன்றின் மேல் கூரை போன பழைய மாதா கோயில். கடலுக்கு முகம் காட்டும் திடல். திடலைப் பார்த்ததும் சின்னையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஊரெங்கும் மெர்டேக்கா பேச்சுதான். இன்னும் சில மாதத்தில் சுதந்திரம்.

"ஒங்க ஊருல சுதந்திரம் வந்து வருசக்கணக்கா ஆச்சே. எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு. முந்தியெல்லாம் 'கெடையாது'ன்னு வெள்ளைக்காரன் சொன்னான். இப்போ நம்மாளே சொல்றான். கேக்க இதமா இருக்கு."

சின்னையா சிரிக்கவில்லை. "நா இங்கதாண்ணே பொறந்தேன். குடியுரிமைக்கு எழுதிப் போடுன்றாங்க. எங்கப்பாரு, 'ஊருக்குப் போயிரலாம்டா'ன்றாரு. எந்த ஊருக்குன்னு கேட்டா அவருக்கே பேரு சரியா ஞாவகம் இல்ல." "எழுதிப் போடுங்க சின்னையா" என்று மட்டும் சொன்னேன்.

வீடு திரும்பியபோது தெருமுனையிலேயே அந்த வாசனை வந்தது. அருமையான வாசனை, கறிவேப்பிலையும் மிளகாயும் உப்பும் சேர்ந்து ஏதோ சூடாக மொறுமொறுவென்று. "மாச்சிக் இன்னிக்கு என்னமோ விசேசமா செய்றாங்க" என்று சின்னையா மூக்கை உறிஞ்சினார். நானும் உறிஞ்சினேன். உள்ளே போனேன். அடுப்பின்மேல் பெரிய இரும்புச் சட்டி. பக்கத்தில் பாயை விரித்து ஆறவைத்திருந்தார்கள். பொன்னிறம். என் மூட்டையின் கோணி நான்காக மடித்து ஜன்னலில் வைக்கப்பட்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அடிப் பாவி, என் மூணு வருஷத்தை வறுத்துட்டியே, என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியே என்று கத்தினேன். தமிழ் தெரியாதவர்தான், ஆனாலும் கத்தலுக்கு அகராதி வேண்டாமே. மாச்சிக் கரண்டியை ஓங்கினார். சீறும் யானை எது என்று அப்போதுதான் கண்டுகொண்டேன்.

நடுவில் நின்று சின்னையா தவித்தார். "அண்ணே, கேளுங்கண்ணே. நீங்க நேத்துப் பச்சைப் பயத்த அரச்சு, பிழிஞ்சு, கோப்பையத் தூக்கிப் பாத்து மோந்து, வயித்தத் தட்டிக் காமிச்சீங்களாம். இந்த மனுசன் மூட்டை மூட்டையா பச்சப் பயறு குடிக்கப் போறாரு, கப்பல்லயே செத்துருவாரு, படிச்ச கிறுக்குன்னு நெனச்சிட்டாங்க. அதான் எல்லாத்தையும் வறுத்துட்டாங்க. வறுத்தா வெஷம் போயிரும்னாங்க."

"அந்த வெஷம்தான்யா எனக்கு வேணும்!"

மாச்சிக் சொன்னது முழுக்கச் சரி. வறுத்தால் அது செத்துப்போகும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பாயிலிருந்து ஒரு பிடி அள்ளி, அரைத்து, பிழிந்து, குப்பியில் மிச்சமிருந்த ட்ரிப்சினையெல்லாம் கொட்டிச் சோதித்தேன். பிலிமில் ஓட்டை விழுந்தது, பெரிய ஓட்டை. அதன் வழியே பார்த்தால் மாச்சிக்கின் முகம் தெரிந்தது. அவருக்கு இப்போது கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

"இந்தப் பயறு இல்லேன்னா என்னாகும்னு கேக்குறாங்க" என்றார் சின்னையா.

"படிப்பு போகும். அப்பாவோட பாத்திரக் கடையில போய் உக்காரணும்."

சின்னையா சொன்னதும் மாச்சிக் ஏதோ கேட்டார். "பாத்திரம் விக்கிறது நல்ல வேலதானே, அதுக்கா இவ்ளோ அழுகைன்றாங்க." நான் தரையில் உட்கார்ந்தேன். எனக்குப் படிக்கத்தான் பிடித்திருந்தது. வேறெதுவும் எனக்குத் தெரியாது. கண் கலங்கியது, இந்தத் தடவை சம்பலால் இல்லை. மறுநாள் காலை நான் கிளம்பியாக வேண்டும். ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை.

மாச்சிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ச் சிவப்பு கெபாயாச் சட்டை உடுத்திக்கொண்டு வந்தார். வறுத்த பயறைக் கோணியில் அள்ளிப் போட்டுச் சிவப்புத் துணியால் வாய் கட்டினார். பக்கத்து வீட்டு பாபா சீனர் குடும்பம் கொடுத்திருந்த ஆரஞ்சுகளில் இரண்டை எடுத்துக்கொண்டார். பிறகு என் கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கறுப்பு போட்டுக்கிட்டுப் புது வருசத்துக்கு யாராச்சும் ஒரு வீட்டுப் படி ஏறுவாங்களான்னு கேக்குறாங்க. கழட்டுங்கண்ணே."

காலமான அவர் கணவரின் பாத்திக் சட்டை எனக்கு மாட்டப்பட்டது. அந்த மனிதர் நல்ல ஆகிருதி போலிருக்கிறது. அதற்குள் நான் இருக்கிறேனா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். மூவரும் பெச்சாவில் ஏறினோம், மூட்டை என் மடியில். மூன்று சக்கர வண்டி, எங்கள் பாரத்தில் ஒரு சாக்கடை ஓரம் சாய்ந்து நின்றது. நானும் சின்னையாவும் இறங்கித் தள்ளினோம். மாச்சிக் இறங்கவில்லை.

தாவ்ஹூக் கடை அடைத்திருந்தது, பின்கட்டில் வீடு. உறவுக்காரப் பெண்கள் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவுக்கே மனைவியிடம் மாச்சிக் இரண்டு கையாலும் ஆரஞ்சுகளை நீட்டினார். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு, தன் தட்டிலிருந்து வேறு இரண்டு ஆரஞ்சை எடுத்து மாச்சிக்கிடம் கொடுத்தார்.

"அது மொறண்ணே" என்று சின்னையா கிசுகிசுத்தார். "ரெண்டு கொண்டாந்தா ரெண்டு திருப்பிக் குடுக்கணும். வெறுங்கையோட அனுப்பக் கூடாது."

பிறகு மாச்சிக் பச்சைப் பயறு வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. இன்றைக்கு வீட்டைப் பெருக்கவே மாட்டார்களாம், அதிர்ஷ்டம் வெளியே போய்விடுமாம். அப்படியிருக்க ஒரு மணிப் பயறு எப்படி வாசல் தாண்டும்? விலை கொடுத்தாலும் கிடையாது. தவுக்கேயும் கையை விரித்தார். என் காதில் பித்தளைக் குடத்தின் ஓசை கேட்டது.

மாச்சிக் அசரவில்லை. என் மடியிலிருந்து மூட்டையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். சிவப்புத் துணியை அவிழ்த்தார். கையிலிருந்த ஆரஞ்சைக் காட்டினார், பயறைக் காட்டினார். சின்னையா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணே! 'ஆரஞ்சு குடுத்தேன், ஆரஞ்சு குடுத்தீங்க. பயறு குடுக்குறேன், பயறு குடுங்க. எதுவும் வெளிய போகலையே, எடம்தானே மாறுது'ன்றாங்க!"

தவுக்கே மனைவி ஒரு பிடி வறுபயறை அள்ளி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு பிடி அள்ளினார். சீட்டாடிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் மேஜைக்கு நீண்டன. அந்த அம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது. தவுக்கே ஏணி போட்டுப் பரணில் ஏறினார். பச்சைப் பயறு ஒரு மூட்டை இறங்கியது.

நான் அண்ணாந்து பார்த்தேன். பரண் நேராகப் பாலண்டா அடுப்புக்கு மேலே இருந்தது. வருஷம் முழுக்க எரியும் அடுப்பு. அந்தச் சூட்டில் என் நொதி அடக்கி பிழைத்திருக்குமா? சோதிக்க ட்ரிப்சின் தூள் ஒரு துளி இல்லை, எல்லாம் வறுத்த பயறில் தொலைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை மாச்சிக் ஒரு பிஸ்கட் டின்னில் வறுபயறு போட்டுக் கொடுத்தார். மூட்டை கட்டுவதற்கு முன்பே எனக்கென்று எடுத்துவைத்திருந்தாராம். மூட்டையைக் காட்டி விரலை ஆட்டினார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகிக் காட்டினார். டின்னைக் காட்டித் தலையசைத்தார். இதற்குச் சின்னையாவின் உதவி தேவைப்படவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். "அம்மா" என்றேன். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும்.

கப்பலில் கடலைத் தவிர வேறு வேலை இல்லை. வறுபயறு டின் மெட்ராஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே காலி. கோணியைத் தினமும் முறைத்துப் பார்த்தேன். ஒரு மணியைக் கடித்தேன், பச்சை வாடை அடித்தது. வாடைக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை. ஒரு மணி எதையும் நிரூபிக்காது, கைப்பிடி தின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பரண், அடுப்பு, பரண், அடுப்பு என்று மனசு ஊசலாடியே கரை வந்தது.

துறைமுகத்தில் மூட்டையைப் பார்த்த அதிகாரி கண்ணாடியை இறக்கினார்.

"இது என்ன, விதையா? விதைன்னா தனி அனுமதி வேணும். இல்லேன்னா மூட்டையை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

"விதை இல்லை சார். தின்னுற பண்டம்."

"இதையா? பச்சையாவா? யார் திம்பா?"

"நான் திம்பேன் சார்."

"எங்கே, தின்னுங்க பார்ப்போம்."

சுற்றிலும் பார்த்தேன். வறுபயறு டின்னில் காரத்தூள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை மூட்டைக்குள் விட்டேன். ஒரு பிடி. கல்லை மென்றது மாதிரி இருந்தது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இன்னொரு பிடி. காஜா பெராங்கில் ஓர் அம்மாள் கரண்டியை ஓங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது பிடியைச் சிரித்த முகத்தோடு தின்றேன்.

"நல்லாவா இருக்கு?"

"அருமை சார். கொஞ்சம் எடுத்துக்கோங்களேன்."

அவரும் எடுத்துக்கொண்டார். தாராளமான கை. மென்றுகொண்டே சாக்கட்டியால் மூட்டையில் ஒரு கோடு போட்டு அனுப்பினார். மறுநாள் அவர் ஆபீசுக்கு வந்தாரா என்று விசாரிக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

என் டிரங்குப் பெட்டி வெளியே வர நேரமாயிற்று. ரிக்‌ஷாவில் ஏறி மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். பாரிமுனை தாண்டும்போது அடிவயிற்றில் யாரோ பாயைச் சுருட்டுகிற மாதிரி இருந்தது. மவுண்ட் ரோட்டில் அது கடமுடவென்று உருண்டது. நெற்றி வேர்த்தது, குமட்டியது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பரண் சூடு ஒன்றும் செய்யவில்லை! அடுப்பு ஒன்றும் செய்யவில்லை! என் நொதி அடக்கி உயிரோடு இருக்கிறது, பேய் மாதிரி உயிரோடு இருக்கிறது! நான் வலியில் இரண்டாக மடிந்து, விழுந்து விழுந்து சிரித்தேன்.

ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், வயித்தப் புட்ச்சிக்கினு சிரிக்கிறே? இன்னா ஆச்சு?"

"பாஸாயிட்டேம்பா" என்றேன். "வேகமா விடு, வீட்டுக்குப் போயாகணும்."